பன்னிரண்டு புள்ளி எட்டு நான்கு

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று நீங்கள் கேட்கலாம். நான் அந்த மாதிரிப் பொய்யைப் பற்றிச் சொல்லவில்லை. ஏழு வருடங்களுக்கு முன், ஊரப்பாக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவன் செய்த காரியத்தைச் சொல்கிறேன். அவனுக்கு முனிரத்தினம் என்று பெயர் வைத்திருக்கிறேன். முனிரத்தினம் நான்தான். கடைசிப் பக்கம்வரை இதை ஒளித்துவைத்தால் நல்ல திருப்பம் என்று தட்டிக்கொடுப்பீர்கள். அது எனக்கு வேண்டாம்.

'நான்' என்று போட்டே நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கு முறையும் என்னை நல்லவனாக்கிவிட்டேன். அதனால் இனி 'அவன்'.

2

தொடக்கம் ஒன்று: "தேவானந்தத்தின் மாடி அறையில் காந்தச் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது." (விஞ்ஞானக் கதை என்று நினைத்து ஓடிவிடுவீர்கள். அடித்தாயிற்று.)

தொடக்கம் இரண்டு: "ரத்தினபாய் மகள் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை." (உண்மைதான். பிறகு வரும்.)

தொடக்கம் மூன்று: "முனிரத்தினம் ஒன்றும் கெட்டவன் இல்லை, அவன்" (இதற்கு மேல் பேனா நகரவில்லை.)

சரி, நேராகவே சொல்கிறேன். தேவானந்தம் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். முனிரத்தினம் பக்கத்து வீடு. ரிஜிஸ்டர் ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே பத்திரிகைகளுக்குக் கதை எழுதியவன். ஒரு கதையை முடித்தால் முதலில் தேவானந்தத்திடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுவான். அவர் காதில் விழாமல் அவனுடைய கதை எதுவும் அச்சுக்குப் போனதில்லை.

தேவானந்தத்தின் பைத்தியம் வேறு. செப்புக் கம்பிச் சுருளில் கரண்ட்டை விட்டு, சட்டென்று நிறுத்தினால், சுருள் ஒரு பெரிய வோல்ட்டை எதிர்த்து உதறும். பஸ் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் முன்னால் போய் விழுகிறார்களே, அந்த மாதிரி. சைக்கிள் ரிம்மில் காந்தங்களை ஒட்டி, அது சுழலச் சுழல சுருளுக்குக் கரண்ட் போய் நிற்கும்படி செய்திருந்தார். ஒரு பேட்டரி சக்கரத்தை ஓட்டும். சுருள் உதறுவதைப் பிடித்து இரண்டாவது பேட்டரியில் சேர்ப்பார். முதலாவதில் போனதைவிட இரண்டாவதில் வந்தது அதிகமாக இருக்க வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

* நடக்காது. பிடிப்பது எப்போதும் போனதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். படித்தவர்கள் சொல்வது இருக்கட்டும், அவருடைய சொந்த நோட்டே மூன்று வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

3

அவருக்கு ஒரு கறாரான முறை உண்டு. சனிக்கிழமை மாலை சக்கரத்தை நிறுத்துவார். ஓடி முடித்த உடனே அளந்தால் பேட்டரி பொய் சொல்லும் என்பார். ஞாயிறு பன்னிரண்டு மணிவரை அதைத் தொடாமல் வைத்திருந்து, பிறகுதான் மீட்டரை வைப்பார்.

அந்த வாரம் ரொம்பவும் சோர்ந்திருந்தார்.

"போதும் ரத்தினம். இந்த ஞாயித்துக்கிழமையும் கம்மியா வந்தா மூட்டை கட்டிடறேன். பொண்ணு பிளஸ்ஸி கூப்டுகிட்டே இருக்கா. நாவலூர்ல போய் பேரப்பிள்ளையோட இருந்துடலாம்னு பார்க்கறேன்."

அவர் மனைவி ரத்தினபாய் அன்றைக்கே சில்வர் பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிறு காலை இருவரும் சர்ச்சுக்குப் போனார்கள். சக்கரம் இருந்த மாடி அறையின் சாவி முனிரத்தினத்திடம் இருந்தது. பேப்பர் படிக்க அந்த அறைதான் அவனுக்கு வசதி. ஒன்பது மணிக்கு அவன் தன் மகன் உதயாவின் பைக்குக்காக வாங்கிய சார்ஜரை எடுத்துவந்து இரண்டாவது பேட்டரியில் மாட்டினான். பத்து மணிக்குக் கழற்றி, வீட்டில் கொண்டுபோய் வைத்தான்.

[இந்த இடத்தில் 'பரிதாபப்பட்டு' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவர் போய்விட்டால் என் கதையை யாரிடம் படித்துக் காட்டுவது? வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை. அதனால்தான் செய்தேன். பாருங்கள், 'நான்' வந்துவிட்டது. இருக்கட்டும்.]

பன்னிரண்டு மணிக்கு தேவானந்தம் மீட்டரை வைத்தார். 12.84 வோல்ட். அதுவரை நோட்டில் ஏறாத எண். மறுபடி வைத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை வைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். முனிரத்தினம் அவர் தோளில் கை வைத்தான். அந்தக் கையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

"நாங்க இல்லாதப்ப யாராச்சும் வந்தாங்களா? நீ இங்கயேதான இருந்த?"

"பத்து மணி வாக்குல டீ வாங்கப் போனேன் சார். மத்தபடி இங்கதான்."

டீ வாங்க அவன் போகவே இல்லை. என்னமோ வாயில் வந்தது.

4

ஒரு முறை வந்தது மறுமுறையும் வர வேண்டும் என்பது சோதனை செய்கிறவர்களுடைய விதி. அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கை நீட்டிக் கொடுத்ததை நான் ஒரே நாளோடு நிறுத்திக்கொண்டேன், யோக்கியன் மாதிரி.

தேவானந்தம் சுருளைச் சந்தேகப்படவில்லை, என்னையும் சந்தேகப்படவில்லை. அந்த நாளில் ஏதோ ஒன்று கூடி வந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையை அப்படியே திரும்ப நடத்த ஆரம்பித்தார். அதே ஜன்னலைத் திறந்துவைப்பார். அதே நீலக்கோடு போட்ட சட்டை. சர்ச்சுக்கும் தவறாமல் போனார்.

"கர்த்தருக்காகவா போறார்? பேட்டரிக்காகப் போறார்," என்று ரத்தினபாய் முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

முனிரத்தினம் அதே நாற்காலியில் பேப்பரோடு உட்கார வேண்டும். பத்து மணிக்குத் தூக்குவாளியோடு ஸ்டேஷன் ரோட்டு டீக்கடைக்குப் போக வேண்டும். ஏழு வருடமாகப் போகிறான். கடைக்காரர் அன்பு அவன் தலை தெரிந்ததும் டீயை ஆற்ற ஆரம்பித்துவிடுவார்.

அட்டைப்பெட்டியிலிருந்து பாத்திரங்கள் வெளியே வந்தன. ரத்தினபாய் ஒவ்வொரு வாரமும் வண்டலூர் போய், கேளம்பாக்கம் பஸ் பிடித்து, மாறி மாறிப் பேரனைப் பார்த்துவிட்டு வந்தாள். முட்டி தேய்ந்தது. போன வருடம் ஒருமுறை போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. இவருக்கு இங்கே வேலை இருக்கிறது, அவளால் படி ஏற முடியவில்லை, அவ்வளவுதான். நாற்பது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் இப்போது போனில் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

கிளம்புகிற அன்றைக்கு முனிரத்தினத்திடம் சொன்னாள்: "அந்த ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் வராம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ணா."

முனிரத்தினம் அவளுடைய பையை ஆட்டோவில் ஏற்றிவிட்டான்.

5

முடிவுகளைப் பார்க்கலாம்.

அ. அடுத்த ஞாயிறு அவன் மறுபடியும் சார்ஜரை மாட்டுகிறான். மறுபடியும் 12.84. அவர் திருப்தியாக எழுந்து நாவலூருக்குப் போய்விடுகிறார். (ஒவ்வொரு வாரமும் அந்த அறையில் என்னைத் தனியாக விட்டுவிட்டுத்தான் போகிறார். சார்ஜர் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு முறை வந்தது மூன்றாம் முறையும் வர வேண்டும் என்பார். எனக்கு அவரைத் தெரியும்.)

ஆ. அவருக்கு எல்லாம் முதலிலேயே தெரியும். சார்ஜர் கிளிப்பின் பல் தடத்தை அன்றைக்கே பார்த்துவிட்டார்; துணைக்கு ஆள் வேண்டுமென்று தெரியாத மாதிரி இருந்தார். (அழகான முடிவு. பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். என் குற்றத்தில் பாதி குறைந்துவிடும். அதனாலேயே எடுத்துவிட்டேன். அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ரத்தினபாயைத் தனியாக ஆட்டோ ஏற விட்டிருக்க மாட்டார்.)

இ. அவன் சொல்லிவிடுகிறான், அவர்

6

போன ஞாயிறு மீட்டர் 12.31 காட்டியது. அவருக்குக் கண்ணில் புரை. எண்ணை நான்தான் படித்துச் சொன்னேன். நோட்டில் என்னையே எழுதச் சொன்னார். பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நீ பண்ணதுல எதையோ விட்டுட்டோம் ரத்தினம். சின்ன விஷயமா இருக்கும். நிதானமா யோசிச்சு சொல்லு."

"யோசிக்கறேன் சார்."

யோசித்ததைத்தான் இந்த வாரம் முழுக்க எழுதியிருக்கிறேன். நாளை ஞாயிறு. அவர் சர்ச்சிலிருந்து வந்ததும் இதை அவரிடம் படிக்க வேண்டும். பெயரை மாற்றிப் படிக்கலாம். மூன்றாம் பகுதியைத் தாண்டிவிடலாம். கண் தெரியாதவருக்குத் தெரியவா போகிறது என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. இந்த வயதிலும் எனக்கு இப்படித்தான் புத்தி போகிறது.

இது இப்போது அச்சில் உங்கள் கையில் இருக்கிறது. அவர் கேட்ட பிறகு வந்ததா, முதன்முறையாக அவருக்குத் தெரியாமல் அனுப்பிவிட்டேனா என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதுகிற இந்த நேரத்தில் எனக்கே தெரியாது. என்னை எவ்வளவு நம்பலாம் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை வைத்து நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

நாளைக்குப் பத்து மணிக்குத் தூக்குவாளியை எடுக்கப் போவதில்லை. அவர் வந்ததும், டீ எங்கே என்று கேட்பார். பதில் தயாராக இருக்கிறது. கதையில் எனக்குத் தெரிந்த கடைசி வரி அதுதான்.

"சார், அன்னைக்கு நான் டீ வாங்கப் போகல."