பச்சை இல்லம், நாலாம் அறை

எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் பாலகிருஷ்ணன் கிராணிக்குப் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை, அதனால்தான் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார் என்று தொழிலாளர் லயத்தில் பேசிக்கொண்டார்கள். 1986இல் எங்கள் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் டிவி இருந்த வீடுகளையே விரல்விட்டு எண்ணிவிடலாம். அவரோ கோலாலம்பூர் போய் டைப்ரைட்டர் மாதிரி ஒரு சாமானை வாங்கிவந்து, பழைய டிவியோடும் கேசட் பெட்டியோடும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். பகலில் ரப்பர் ஆலை இஞ்சின் ஓடும்வரைதான் அவர் வீட்டுக்குக் கரண்டு. ஐந்து மணிக்கு இஞ்சின் நிற்கும். அதற்குள் விளையாடி, கேசட்டில் ஏற்றிவிட வேண்டும்.

ஆமாம், விளையாட்டுதான். அவரே எழுதியது. ஒரு மந்திரப் பள்ளிக்கூடம். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நாலு இல்லம். இல்லத்துக்கு ஆறு அறை, அறைக்கு இரண்டு கட்டில். பிள்ளைகளைச் சேர்த்து, யாருக்குப் பறக்கிற பாடம், யாருக்கு மறைகிற பாடம் என்று பிரித்து, சோறு போட்டு, சண்டை தீர்த்து நடத்த வேண்டும். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் அந்தப் பிள்ளையின் பலம் ஒன்பதிலிருந்து பூஜ்யம் வரை ஒரு எண்ணாகத் தெரியும்.

"எஸ்டேட் நடத்தத் தெரியும் டீச்சர், பள்ளிக்கூடம் நடத்தத் தெரியாது லா. நீங்க வந்து பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டார். நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. கலாவதி டீச்சர் என்றால் பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு வாய் நீளம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிஜப் பள்ளியில் பெரிய வாத்தியார் என்னைக் கேட்டு ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தமாட்டார். இங்கே எல்லாம் என் ராஜ்ஜியம். பைத்தியம் பிடித்தவள் மாதிரி தினமும் மத்தியானம் போக ஆரம்பித்தேன்.

நாற்பத்தெட்டுக் கட்டிலுக்கும் பெயர் வேண்டும் என்றார். உட்கார்ந்து யோசித்துப் பெயர் வைக்க எனக்குப் பொறுமை ஏது? எங்கள் பள்ளிப் பதிவேட்டிலும் மொத்தமே நாற்பத்தெட்டுப் பேர். அதைக் கொண்டுபோய் ஆங்கில எழுத்தில் மளமளவென்று அடித்துத் தள்ளினேன். யாருக்கு எந்தக் கட்டில் என்று அதுவே பிரித்துப் போட்டது.

மூன்றாம் நாள்தான் கவனித்தேன். பச்சை இல்லம், நாலாம் அறை. ஒரு கட்டிலில் என் மகள் கங்கா. மற்றதில் லெட்சுமி.

லெட்சுமி செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. டிசம்பர் விடுமுறையில் தோட்டத்து வாய்க்காலில் விழுந்துவிட்டாள். கங்கா வயதுதான், எட்டு. பெரிய வாத்தியார் அவள் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவில்லை. தலை குறைந்தால் ஒரு ஆசிரியரைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம். குறைத்தால் முதலில் போகிறவள் நான். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டு, தினமும் பெயர் கூப்பிடும்போது அவளை மட்டும் தாண்டிக்கொண்டிருந்தேன். வாய் தாண்டிய பெயரைக் கை தாண்டவில்லை.

"பேருதானே லா, விடுங்க" என்றார் கிராணி.

"செத்த புள்ள பேரு. வெளயாட்டா?" என்று அழிக்கப் போனேன். சமையலறை வாசலில் தாயம்மா நின்றாள். லெட்சுமியின் அம்மா. காலையில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துவிட்டு, மத்தியானம் கிராணி வீட்டில் துணி துவைப்பாள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். வீட்டில் தாயும் மகளுமாக இருந்தார்கள், இப்போது அவள் மட்டும்.

"எம்புள்ள பேரு அதுல இருக்குன்னு ஐயா சொன்னாரு டீச்சரம்மா. இருந்துட்டுப் போவட்டுமே. சோறா கேக்கப் போவுது?"

கையை எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து துணி காயப்போட்டதும் வந்து வாசலில் உட்கார்ந்துகொள்வாள். "இன்னிக்கு எத்தன?" என்பாள். "ஏழு" என்பேன். "நேத்து ஆறு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். மறைகிற பாடத்தில் லெட்சுமிதான் முதல். இரண்டாவது கங்கா.

அந்த வாரம் வகுப்பில் பெயர் கூப்பிட்டேன். வழக்கம்போல லெட்சுமியைத் தாண்டினேன். கங்கா எழுந்து நின்றாள்.

"டீச்சர், லெட்சுமிய உட்டுட்டீங்க."

மற்ற பிள்ளைகள் திரும்பிக் காலி பெஞ்சைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கங்காவின் காதைத் திருகினேன். என்னடி பேச்சு அது என்றேன்.

"நாங்க ஒரே ரூம்பும்மா. நாலாவது ரூம்பு. அவ தல எப்பவும் ஈரமா இருக்கும். என் பக்கமும் நனஞ்சிடுது."

விளையாட்டைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் பாயைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் சொதசொதவென்று இருந்தது. மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது.

அதன்பிறகு கங்காவின் எண் இறங்கத் தொடங்கியது. எட்டு, ஆறு, ஐந்து. லெட்சுமிக்கு ஒன்பது. கங்கா இளைத்தாள். தோட்டத்து மருந்துவீட்டு டிரசர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்து அனுப்பினார். மாரியம்மன் கோயிலில் பொங்கல் கொடுத்த சின்னையா, வரிசையில் நின்ற கங்காவை விட்டுவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போனார். "கண்ணு பொட்டையா ஒங்களுக்கு?" என்று சண்டைக்குப் போனேன். "ஆத்தா சத்தியமா புள்ள நின்னத நான் பாக்கலம்மா" என்றார். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. பயந்துபோய், கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது என்று கிராணியிடம் சொல்லிவிட்டேன்.

நாலாம் நாள் மத்தியானம் தாண்டி, லோரி ஓட்டும் என் வீட்டுக்காரர் சுங்கை பெசார் ஊரிலிருந்து வந்தார். சோறு போட்டேன். அவருக்கு ஒரு தட்டு, எனக்கு ஒன்று. இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தோம். கை கழுவ எழுந்தபோதுதான் சுவரோரம் கங்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தாளோ.

"எனக்கு இல்லியாம்மா?"

பெற்றவள் நான். பத்து மாதம் சுமந்தவள் நான். என் பிள்ளையை மறந்து நான் வயிறு முட்டத் தின்றிருக்கிறேன். அவளை வாரிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் கிராணி வீட்டுக்கு ஓடினேன். மணி நாலரை.

"தெறங்க" என்றேன். "அத தெறங்க."

திறந்தார். மூன்று நாளாக அணைத்தே கிடந்த விளையாட்டில் கங்காவின் எண் ஒன்றாகியிருந்தது. லெட்சுமி பெயரை அழித்தேன். திரும்பி வந்து நின்றது. மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது. கிராணியின் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"எனக்குத் தெரிஞ்ச சட்டம் லயத்து வீட்டுச் சட்டம்தான் டீச்சர். அதத்தான் எழுதி வெச்சேன். வேலைக்காரங்க பேரெழுதற செக்ரோல்ல யாரு பேரு இருக்கோ அவங்களுக்கு வீடு. வீடு காலியா கெடக்கக் கூடாது. வீட்டுக்காரங்கள எடுக்க முடியாது, கூட இருக்கறவங்கள வேணா மாத்தலாம். அந்த ரூம்ல பெரிய நம்பர் லெட்சுமி, அவதான் வீட்டுக்காரி. ரூம்பு அவ பேர்ல இருக்கு."

"கங்காவ எடுத்தா?"

"இன்னொரு பேரு போடணும்."

போடத் துணிந்தேன். மறைக்க என்ன இருக்கிறது? என் விரல் தானாக நாகமணியின் பெயரை அடிக்க ஆரம்பித்தது. மூன்றாம் வகுப்பு, சிவப்பு இல்லத்தில் இருந்தவள்; அவளை இங்கே இழுத்தால் கங்காவை அங்கே போட்டுவிடலாம். மூக்கில் எப்போதும் சளி, வாய்ப்பாடு ஏறாது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நானே கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். பாதி எழுத்து முடிந்திருந்தது.

"யாரு பேரு டீச்சரம்மா அது?" தாயம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

சொன்னேன்.

"அவளுக்கும் ஒரு ஆத்தா இருக்காளே" என்றாள். கங்காவின் தலையைத் தடவினாள். தடவிய கையைப் பார்த்தாள், ஈரமாக இருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் முகர்ந்தாள். "எம்பேரப் போடுங்க."

"பைத்தியமா ஒனக்கு? அது பிள்ளைங்க பள்ளிக்கூடம்" என்றார் கிராணி.

"செக்ரோல்ல எம்பேரு இருக்குதில்ல ஐயா? அப்புறம் என்ன. அது தனியா இருந்து பழகாத புள்ள. அதனாலதான் தொணைக்கு ஆள இழுக்குது. நான் போனா விட்டுடும்." என் பக்கம் திரும்பினாள். "போடுங்க டீச்சரம்மா. இஞ்சின் நின்னுடப் போவுது."

"டீச்சர், யோசிச்சு செய்யுங்க" என்றார் கிராணி.

நான் யோசிக்கவில்லை. வேண்டாம் தாயம்மா என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. கங்காவின் பெயரை அழித்து, தாயம்மாவின் பெயரை அடித்தேன். ஏற்றுக்கொண்டது. கேசட் கிறீச்சிட்டுச் சுற்றி முடிந்ததும் ஆலை இஞ்சின் நின்றது. தாயம்மா கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். நடையில் ஒரு அவசரம் தெரிந்தது. கங்கா பசிக்குது என்றாள். தேம்பித் தேம்பி அழுதேன்.

மறுநாள், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் மண்டோர் பெயர் கூப்பிட்டார். என் வீட்டு ஜன்னலில் நின்றால் கேட்கும். தாயம்மாவின் பெயரை அவர் தாண்டிப் போனார். நிறுத்தவுமில்லை, எங்கே அவள் என்று கேட்கவுமில்லை. அவளுடைய மர வரிசையில் வேறு ஆள் பால்மரம் வெட்டினான். அவளோடு பத்து வருடம் வேலை செய்த அன்னம்மாவிடம் மெல்ல விசாரித்தேன். "எந்தத் தாயம்மா?" என்றாள். கிராணி என்னைக் கண்டால் வேறு வழியில் போனார். அந்தக் கேசட்டை என்ன செய்தாரென்று நான் கேட்கவே இல்லை.

ஒரு வாரத்தில் தாயம்மாவின் வீட்டுக்குக் கெர்லிங் பக்கமிருந்து புதுக் குடும்பம் வந்தது. கங்கா அதற்குள் தேறிவிட்டாள். மூன்று வேளையும் சாப்பிட்டாள், அடம்பிடித்தாள், பாய் காய்ந்திருந்தது. பள்ளி விட்டு அவளோடு வந்துகொண்டிருந்தேன். புதிதாக வந்தவள் வாசலில் துணிகளைக் குவித்து வைத்திருந்தாள். இரண்டு வேலைச் சேலை, ஒரு சின்னப் பள்ளிச் சீருடை.

"உள்ளாற பெட்டியில கெடந்துச்சு டீச்சர். யாரக் கேட்டாலும் தெரியலங்கறாங்க. யாரோடது? ஆள் வந்து கேட்டா என்ன பண்றது?"

எனக்குத் தெரியும். கிராணி வாய் திறக்கமாட்டார், தோட்டத்தில் தாயம்மா என்ற பெயரைச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். சொன்னால் அவளை நினைக்க இரண்டு பேர் ஆவார்கள், பிறகு பத்துப் பேர், ஒருவேளை அவள் எழுந்துகூட வரலாம். வந்தால் நாலாம் அறையில் அந்தக் கட்டில் காலியாகும். கங்காவின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"யாரும் வரமாட்டாங்கம்மா" என்றேன். "கொளுத்திருங்க."

அவள் மண்ணெண்ணெய் எடுத்துவந்தாள். சீருடை எரிந்து முடியும்வரை நின்று பார்த்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.