கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி

தெங்-ஃபாவின் அடிவயிற்றில், வலப்பக்கம், அவர் மனைவி மெய்-யூனின் சிறுநீரகம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் கொடுத்தாள். கொடுத்தாளே ஒழிய, அதன் மேலிருந்த உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. "யோவ் கிழவா, என் கிட்னிய இந்த வெயில்ல எங்க கூட்டிட்டுப் போற?" என்று தைவானின் தைனான் நகரச் சந்தைத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அதட்டுவாள். அவர் வயிற்றைத் தட்டி, "கேட்டுச்சா, உங்கம்மா கூப்பிடுறா" என்பார். இப்படி ஒரு ஜோடி!

மகள் பெய்-ருங் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்துக் கணக்குப் போடுகிறவள். மருந்து ரத்தத்தில் எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்று சமன்பாடு எழுதிக் கோடு வரைவது அவள் வேலை. "உடம்பு ஒரு தொட்டிம்மா. மேல ஊத்துறோம், அடியில ஓட்டை. எப்போ எவ்வளவு மிச்சம் இருக்கும்னு நான் சொல்லணும்" என்று ஒருமுறை அம்மாவுக்கு விளக்கினாள். "இதுக்கா அத்தனை வருஷம் படிச்ச?" என்றாள் அம்மா.

அப்பாவுக்கும் ஒரு கோடு வைத்திருந்தாள். மாத்திரை குறைந்தால் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை அந்நியன் என்று அடித்து விரட்டும். கூடினால் மாத்திரையே அதற்கு விஷம். அதனால்தான் மாதாமாதம், காலை மாத்திரைக்கு முன்னால், ரத்தத்தில் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். இதுவரை எல்லாப் புள்ளியும் சமர்த்தாகக் கோட்டை ஒட்டியே விழுந்திருந்தது.

நிலாப் பண்டிகை விடுமுறை முடிந்து எடுத்த ரத்தத்தில் மட்டும் புள்ளி எங்கோ உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"வடிகால் அடைச்சிருச்சு போல. மாத்திரையப் பாதியாக் குறைச்சிடுவோம்" என்றார் டாக்டர் ஹூ.

பெய்-ருங் தன் கோட்டை மறுபடி பார்த்தாள். புள்ளி பொய்யாக இருந்து மாத்திரையைக் குறைத்துவிட்டால், அம்மாவின் சிறுநீரகம் போய்விடும். இன்னொன்று கொடுக்க அம்மாவிடம் ஏது? "நாளைக்கு ஒரு தடவை எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணலாம் டாக்டர்" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டு வாங்கினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நேராகவே கேட்டாள். "அப்பா, பண்டிகைக்கு பம்பளிமாஸ் சாப்பிட்டீங்களா?"

அந்தப் பழம் வயிற்றுக்குள் போனால் மாத்திரை தாறுமாறாக ஏறும். இது தைனானில் சிறுநீரகம் மாற்றிக்கொண்ட எல்லோருக்கும் தெரியும்.

"பக்கத்து வீட்ல குடுத்தத நான்தான் அப்படியே திருப்பிக் குடுத்தேனே!" என்று மெய்-யூன் பாய்ந்தாள்.

தெங்-ஃபா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "சாப்பிட்டேன். மூணு சுளை. ஸ்கூட்டர் ஷெட்டுல நின்னு."

மெய்-யூன் அழுதாள். "என் வயித்தக் கிழிச்சுக் குடுத்தேன்யா. மூணு சுளைக்கு வித்துட்டியே!" என்றவள் அன்று அவரோடு பேசவே இல்லை. அவரும் தலையைக் குனிந்து அந்தத் திட்டை வாங்கிக்கொண்டார்.

பெய்-ருங் மூன்று சுளையைக் கணக்கில் போட்டுப் பார்த்தாள். கோடு கொஞ்சம் மேலே போனது, அவ்வளவுதான். ஒரு வண்டிப் பழம் தின்றாலொழிய புள்ளி அந்த உயரத்துக்கு வராது. அதோடு பழத்தின் வேலை லேசில் ஓயாது. பழம்தான் காரணம் என்றால், நாளைக்கும் அளவு இறங்காமல் நிற்க வேண்டும்.

மறுநாள் அவளே அப்பாவை அழைத்துப் போய், மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்க வைத்தாள். புள்ளி ஒன்றுமே நடக்காதது போலப் பழைய கோட்டில் வந்து உட்கார்ந்தது. அப்படியானால் பழம் இல்லை. நேற்று ரத்தம் எடுக்கும் முன்பே மாத்திரை உள்ளே போயிருக்கிறது!

"அப்பா, பொய் சொல்லக்கூடத் தெரியல உங்களுக்கு. தோலை எங்க போட்டீங்க, சொல்லுங்க?"

அவர் மெதுவாகச் சொன்னார். "லீவு முடிஞ்சு நேத்து ஒரே கூட்டம்மா. நம்ம நம்பர் வர்றதுக்குள்ள உங்கம்மா போன்ல மாத்திரை அலாரம் அடிச்சிருச்சு. எப்பவும் அதுக்கு முன்னாடியே ரத்தம் எடுத்துடுவாங்க. அவளுக்கு என்ன தெரியும்? தண்ணியும் மாத்திரையும் நீட்டிக்கிட்டு நின்னா. வேணாம்னு சொல்ல வாய் வரல. அவகிட்ட சொல்லிடாத. தன் கையாலயே கெடுக்கப் பாத்தோம்னு நெனச்சா தாங்க மாட்டா. என்னைத் திட்டட்டும், எனக்குப் பழக்கம்தான்."

இந்த மனுஷன் மேல் கோபம் எப்படி வரும்? ஆனாலும் கூட்டம் திரும்ப வரும், அலாரம் திரும்ப அடிக்கும். பெய்-ருங் டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, மாத்திரையைக் குறைக்காமல் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

மெய்-யூன் கணவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப பம்பளிமாஸ்?"

"இல்ல."

"ஒரு சுளைகூட?"

"மோந்துகூடப் பாக்கல."

"கிறுக்குக் கிழவா" என்று முதுகில் ஓர் அடி வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

அடுத்த மாதமும் ஆஸ்பத்திரியில் கூட்டம். அவர்கள் எண் வரும் முன்பே அலாரம் அலறியது. மெய்-யூன் துள்ளி எழுந்தாள், மாத்திரை டப்பாவைப் பாதி திறந்தாள், மூடினாள். அலாரத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்து, ஊரே பார்க்கிறதே என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லாமல் கணவரின் வலப்பக்க அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்தாள்.

"பொறுத்துக்கோ கண்ணு. இன்னும் கொஞ்ச நேரம்தான். உங்க அக்கா கணக்குப் போட்டுட்டா, ஒண்ணும் ஆகாது."

தெங்-ஃபா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார். "சரிங்குது" என்றார்.