சாப்பிட்டுச்சா?

எங்கள் முலாம் பட்டறையில் ஷிஃப்ட் மாறும்போது யாரும் நலம் விசாரிப்பதில்லை. "சாப்பிட்டுச்சா?" என்றுதான் கேட்போம். கழிவுநீர்த் தொட்டிகளில் நான் வளர்க்கும் பூஞ்சையைப் பற்றிய கேள்வி அது. தண்ணீரில் கலந்து வரும் குரோமியத்தை அது இழுத்துக்கொள்ளும். வயிறு நிறைந்ததும் எடுத்து, டிரம்மில் போட்டு மூடி அனுப்பிவிட வேண்டும். விட்டுவைத்தால் செத்து, தின்றதையெல்லாம் தண்ணீரிலேயே கக்கிவிடும்.

விலை கொடுத்து வாங்கிய பூஞ்சை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. தாங்கியது என் வீட்டுக்காரரின் சட்டைக் காலரில் பூத்ததுதான். பதினாறு வருடம் குரோமியத் தொட்டியின் ஆவியை மூச்சாக இழுத்த மனுஷர். ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று பட்டறை அலமாரியில் அவர் விட்டுப்போன ஈரச்சட்டையில் முளைத்தது மட்டும் அந்த விஷத்துக்குப் பழகியிருந்தது. அந்தக் காலரை வெட்டித் தொட்டியில் போட்டுத்தான் மற்றதையெல்லாம் பெருக்கினேன். கடைசி நாட்களில் அவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை. அப்போதும் என்னிடம், "அது சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களத் தின்னது பத்தலையா அதுக்கு?" என்றேன். சிரித்தார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

அவர் போன பிறகு எல்லாப் பூஞ்சையையும் முறையாக மாற்றினேன், அந்தக் காலரைத் தவிர. அதற்கு நல்ல தண்ணீராவது கிடைக்கட்டும் என்று வலைப்பையில் கட்டி, சுத்தமான தண்ணீர் வந்து சேரும் கடைசித் தொட்டியில் மறைத்துத் தொங்கவிட்டேன். அந்தத் தொட்டிக்குக் காற்று ஊதும் காற்றுக்குழாய் குமிழியிடும்போதெல்லாம் அவர் தொண்டையைச் செருமுவது போலவே கேட்கும். பயமாக இருக்கும். ஆனாலும் நாற்காலியை அந்தப் பக்கமே போட்டுக்கொள்வேன்.

இன்று காலை சோதனைக்கூடத்துப் பெண் கண்ணாடிக் குழாயோடு வந்தாள். வார்த்தைகளைச் சொட்டுச் சொட்டாக விடுவதால் அவளுக்குச் 'சொட்டு' என்று பட்டப்பெயர்.

"அக்கா. கடைசித் தொட்டி. ஊதா."

மருந்து விட்டதும் ஊதாவானால் குரோமியம் இருக்கிறது. அந்தத் தண்ணீர் நேராக வெளிக்கால்வாய்க்குப் போகிறது. பள்ளி விட்டதும் தெருப்பிள்ளைகள் அதில்தான் குதிப்பார்கள். என் மகளும்தான்.

"முன்னாடி தொட்டி?"

"சுத்தம்க்கா. இதுல மட்டும்தான். உள்ள ஏதாவது கெடக்குதா?"

வெளிவால்வை அடைத்தேன். காற்றுக்குழாயை நிறுத்தினேன். கையுறையை மாட்டிக்கொண்டு பையைத் தூக்கினேன். காலர் பச்சை பூத்து, கொழகொழவென்று ஆகியிருந்தது. சொட்டு டிரம்மின் மூடியைத் திறந்து பிடித்தாள். கை விடமாட்டேன் என்றது.

"போதும்ங்க," என்றேன். "நீங்க சாப்பிட்டது போதும்."

மூடியை முறுக்கி முடித்தேன். காற்றுக்குழாய் நின்றிருந்தும் பட்டென்று அந்தச் செருமல் கேட்டது. சொட்டு திடுக்கிட்டாள்; தொட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். செருமியது நான்தான்.