உப்புக்கு ஒரு வாக்கியம்

டிங்.

ஸ்பூன் கண்ணாடி டம்ளரில் பட்ட சத்தம்தான். ஆனால் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அது நீதிபதியின் சுத்தியல். மருமகள் திறந்த வாயை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் தட்டில் எதையோ தொலைத்தவன்போலக் குனிந்துகொண்டான். மாமியார் வழக்கம்போலப் பரிமாறும் கரண்டியோடு சுவரோரம் நின்றாள். மாமனார் முகத்தில் மட்டும் அப்படியொரு பூரிப்பு.

"டிஸ்கஸ் அபௌட்டா?" என்றார். "டிஸ்கஸ்னாலே ஒண்ணைப் பத்திப் பேசறதுதாம்மா. அதுக்கு மேல அபௌட் எதுக்கு? தொப்பி மேல தொப்பியா? ம், மறுபடியும் சொல்லு."

மாமனார் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சிவப்பு மையில் குளிக்காமல் எந்தக் கடிதமும் அந்த ஆபீஸ் வாசலைத் தாண்டியதில்லை. 'திருத்தம்' என்று அங்கே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். கிண்டலுக்கு வைத்ததை விருதாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் மனிதர்.

வீட்டுச் சட்டம் அவருக்குக் கல்யாணமான புதிதில் போட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் இங்கிலீஷ் மட்டும்தான். விளக்கம் சொல்லும் அவருக்கு மட்டும் தமிழ் அனுமதி. யாருக்கு எது வேண்டுமானாலும் அங்கே, அப்போது, தப்பில்லாமல் கேட்க வேண்டும். தப்பு வந்தால் டிங். மூன்று டிங் விழுந்தால் விஷயம் அடுத்த ஞாயிறுக்கு ஒத்திவைப்பு. டிங் விழாமல் வாக்கியம் முடிந்தால் பாஸ். பிறகு அவரே நினைத்தாலும் மாற்ற முடியாது. "சட்டம்னா சட்டம், எனக்கும் சேத்துத்தான்" என்பார். சொன்ன சொல் மாறாதவர், அதையும் சொல்லியாக வேண்டும்.

மருமகள் கேட்க வந்தது வேலை. கல்யாணத்துக்கு முன்பு ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்துகொண்டிருந்தவள். இருட்டறையில் எழுத்துப் பலகையை ஒளிரவிட்டு, வருகிறவர்களின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, "இது தெளிவா இருக்கா, அதுவா?" என்று வில்லைகளை மாற்றி மாற்றிப் போடுவாள். கடைக்காரர் இரண்டாவது கிளை திறக்கிறார். நாளை விட்டு அதற்கடுத்த திங்கட்கிழமை அவள் வந்து நிற்காவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார். புருஷனிடம் கேட்டாள். "அப்பா சரின்னா எனக்கும் சரி" என்றான். இந்த மாதிரிப் புருஷன்கள் ரொம்ப நல்லவர்கள். எதற்கும் தடை சொல்ல மாட்டார்கள். எதற்கும் பதிலும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது முறை முயன்றாள். "ஐ ஆம் ஹேவிங் எ டிப்ளமா..."

டிங்.

"டிப்ளமாவை என்ன, இப்போ கையில வெச்சு ஆட்டிக்கிட்டா இருக்கே? ஐ ஹேவ். ஐ ஹேவ்."

"சாரி மாமா. ஐ வில் ரிட்டர்ன் பேக் டு..."

டிங்.

"ரிட்டர்ன்னாலே திரும்பிப் போறது. பேக் எதுக்கு? ரெண்டு தடவை திரும்புனா போன எடத்துக்கே வந்துடுவியே!" தன் நகைச்சுவையில் தானே குலுங்கினார். "அடுத்த வாரம் நல்லாத் தயார் பண்ணிட்டு வா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைக்குக் கடையில நாலு பெரிய மனுஷங்க வருவாங்க. நம்ம வீட்டுப் பேரு என்னாகும்?"

அப்போதுதான் மகன் தண்ணீரை விழுங்கிவிட்டு, "டாட், வீ ஷுட் டிஸ்கஸ் அபௌட் த கார்" என்றான்.

அதே அபௌட். பக்கத்துத் தட்டிலிருந்து ஆவி பறக்க எடுத்துவைத்த அதே அபௌட். ஸ்பூன் அசையவில்லை. கார் வாங்கும் பேச்சு கடைசிவரை தடையில்லாமல் ஓடியது. மருமகள் மாமனாரைப் பார்த்தாள்.

"அவன் பேசறது பேச்சு வழக்கும்மா" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

அந்த வாரம் முழுக்க மருமகள் சமையலறையில் வாக்கியங்களை நறுக்கினாள், வதக்கினாள், வடிகட்டினாள். வியாழக்கிழமை பாத்திரம் தேய்க்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"கடையில யாராவது எழுத்தைத் தப்பாப் படிச்சா நாங்க வில்லையைத்தான் அத்தை மாத்துவோம். ஆளைக் கேலி பண்ண மாட்டோம்."

மாமியார் குழாயை மூடினாள். அவள் ஞாயிறு மேசையில் உட்கார்ந்து மருமகள் பார்த்ததில்லை, பேசியும் கேட்டதில்லை. 'அவளுக்கு நின்னு பரிமாறினாத்தான் திருப்தி' என்பது மாமனார் சொல்லும் காரணம்.

"நானும் ஒரு தடவை கேட்டேன்" என்றாள் மாமியார். "கல்யாணமாகி முதல் வருஷம். எங்கம்மாவுக்கு ரொம்ப முடியல, போய்ப் பாக்கணும். முதல் ஞாயிறு டிங்கு. ரெண்டாவது ஞாயிறும் டிங்கு. 'அம்மாவுக்கு உடம்பு சரியில்ல'ன்னு சரியாச் சொல்லக் கத்துக்கறதுக்குள்ள, 'அம்மா இருந்தாங்க'ன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. அதையும் தப்பாத்தான் சொன்னேன். திருத்திக் குடுத்தாரு."

குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"அன்னிக்கு விட்டதுதான் பேச்சு" என்ற மாமியார், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் முகத்தில் ஒரு குறும்பு வந்தது. இந்த வீட்டில் அதற்கு இத்தனை நாள் வேலையே இருந்ததில்லை. "ஞாயித்துக்கிழமை நீ எதுவும் தயார் பண்ணாதே. உனக்கு எப்படி வருதோ அப்படியே கேளு. சமையலை நான் பாத்துக்கறேன்."

ஞாயிறு வந்தது. எல்லோருக்கும் பரிமாறி முடித்த மாமியார், கரண்டியை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மகன் நிமிர்ந்து பார்த்தான். மாமனார் ஒரு வாய் எடுத்து வைத்தார். முகம் சுளித்தது. உப்பு என்ற ஒன்றையே அந்தச் சாப்பாடு கேள்விப்பட்டிருக்கவில்லை.

"பாஸ் த சால்ட், ப்ளீஸ்" என்றார்.

டிங்.

மாமனாரின் கை தானாகத் தன் தட்டுக்குப் பக்கத்தில் துழாவியது. ஸ்பூன் அங்கே இல்லை. மாமியாரின் கையில் இருந்தது. அவள் முன்னால் கண்ணாடி டம்ளர் இன்னும் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.

அவர் சொன்னதில் ஒரு பிழையும் கிடையாது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் டிங் கேட்டுவிட்டதே! காலமெல்லாம் அந்தச் சத்தத்தை நம்பி வாழ்ந்த மனிதர், அது பொய் சொல்லும் என்று எப்படி நினைப்பார்? கண்ணை மூடி யோசித்தார்.

"வுட் யூ ப்ளீஸ் பாஸ் மீ த சால்ட்?"

டிங்.

"வுட் யூ பீ கைண்ட் இனஃப் டு..."

டிங்.

உதட்டுக்குள்ளேயே சொற்களை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். அப்பா படும் பாட்டைப் பொறுக்காமல் மகன், "மாம், வாட் ஆர் யூ டூயிங்?" என்றான்.

டிங்.

அவன் அந்தக் கணமே வாயை மூடி, தட்டுக்குள் குனிந்தான். அந்தக் குனிவு அவனுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

மாமியார் மருமகளைப் பார்த்துத் தலையசைத்தாள். மருமகள் எழுந்தாள். சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

"மாமா, ஐ வான்ட் டு டிஸ்கஸ் அபௌட் மை ஜாப். ஐ ஆம் ஹேவிங் டிப்ளமா. டுமாரோ ஐ ஆம் ரிட்டர்னிங் பேக் டு த ஷாப்."

ஒன்றையும் விடவில்லை. போன வாரத்துத் தப்புகளைப் பூப்போல எடுத்து வரிசையாக வைத்தாள். மாமனாரின் விரல்கள் மேசைமேல் துடித்தன. மாமியார் ஸ்பூனை டம்ளருக்கு மேலே பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, மிகுந்த பொறுப்போடு கேட்டாள். பிறகு ஸ்பூனை மெதுவாக மேசைமேல் படுக்க வைத்தாள்.

"பாஸ்" என்றாள்.

அந்த மேசையில் அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் இங்கிலீஷ் அது. அதில் ஒரு தப்பும் இல்லை.

"எப்படி பாஸ்?" மாமனார் பொறுக்கமாட்டாமல் தமிழுக்குத் தாவினார். "அபௌட்! அவ அபௌட் சொன்னா!"

"பேச்சு வழக்குங்க."

மாமனார் மகனைப் பார்த்தார். மகன் தட்டைப் பார்த்தான். சட்டம்னா சட்டம் என்று சொல்லிப் பழகிய வாய் இரண்டு முறை திறந்து மூடியது. கடைசியில், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு, தணிந்த குரலில் கேட்டார்.

"சரி, நான் சொன்னதுல எங்க தப்பு? அதையாவது சொல்லேன்."

"அது எனக்கென்னங்க தெரியும்? எனக்கு இங்கிலீஷா தெரியும்?" என்றாள் மாமியார். "தட்டுனா ஆளு பேசாம நின்னுடும்னு தெரியும். இந்த வீட்ல எனக்குச் சொல்லிக் குடுத்தது அது ஒண்ணுதான்."

மருமகள் நாளைக்குக் கட்ட வேண்டிய புடவையை இஸ்திரி போட உள்ளே போனாள். போகிற போக்கில் அவள் ஏதோ பாட்டு முணுமுணுத்தது கேட்டது.

மாமனார் இன்னொரு வாய் எடுத்து வைத்துவிட்டு மறுபடி முகம் சுளித்தார். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. ஸ்பூனை ஓரக்கண்ணால் பார்த்தார். அது படுத்தே கிடந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, சின்னக் குரலில், சுத்தத் தமிழில் கேட்டார்.

"கொஞ்சம் உப்பு குடேன்."

டிங் கேட்கவில்லை. மாமியார் எழுந்திருக்கவும் இல்லை. தன் தட்டில் உப்பைத் தூவிக்கொண்டு, ஜாடியை அவருக்கும் எட்டுகிற மாதிரி மேசை நடுவில் வைத்தாள்.

"அதோ இருக்கு. எடுத்துக்கோங்க."