வளையல் பெருகவில்லை

மணலூர்பேட்டை மேட்டுத்தெருவில் மணிமொழிக்கு 'லைட்டுக்காரி' என்று பெயர். ஒளியை வைத்து ஏதோ ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேள்விப்பட்ட எதிர்வீட்டுத் தைலம்மாள், எரியாத டியூப்லைட்டைத் தூக்கிக்கொண்டு வந்தே விட்டாள். எனக்கு ரிப்பேர் தெரியாது என்று மணிமொழி சொன்னதும், "படிச்ச திமிரு" என்ற செய்தி தெருக்கோடி வரை போய்ச் சேர்ந்தது.

அந்த லைட்டுக்காரிக்குப் பூ வைக்க, கரியாலூரில் விடுதி நடத்தும் தமிழழகன் வீட்டார் வந்தார்கள். தெருவே கூடத்தில் இருந்தது. உதவிக்கு வந்தவர்கள் சிலர். வேடிக்கைக்கு வந்தவர்கள் மீதி.

மணிமொழிக்கு ஒரே கவலைதான். வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றின் ஒளியைப் பயன்படுத்த அடுத்த மாதம் அவளுடைய முறை. கரும்புக்குக் கிணற்றுத் தண்ணீர் முறை வைப்பதைப் போலத்தான். தவறவிட்டால் அடுத்தவனுக்குப் போய்விடும். அவளுடைய ஆராய்ச்சி அந்தரத்தில் நிற்கும். பெண் பார்க்க வந்த அன்றே, "போவேன்" என்று சொல்லியிருந்தாள். தமிழழகனும் அவன் அம்மா செந்தமிழ்ச்செல்வியும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

இப்போது அந்த அம்மா பெண்ணின் கையைப் பிடித்துக் கண்ணாடி வளையலை ஏற்றினாள். அளவு கேட்காமல் வாங்கிய வளையல் பாதியிலேயே நின்றது.

"வெளிநாடெல்லாம் வாணாம் கண்ணு. தையில கல்யாணத்த வச்சிக்கினு இன்னா பயணம்?" என்றபடி அழுத்தினாள்.

"போறேன்னு மொதல்லயே சொன்னேனே அத்த."

"பொண்ணுங்க ஆயிரம் சொல்லும்."

மணிமொழி தமிழழகனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த லட்டைத் தீவிரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னொரு அழுத்து. வளையல் பட்டென்று தெறித்து மணிக்கட்டைக் கீறியது.

"பெருகிடுச்சு! வளையல் பெருகிடுச்சு!" நல்ல காரியத்தில் உடைந்தது என்று சொல்லக் கூடாதே. தைலம்மாளின் குரல்தான் எல்லார் குரலுக்கும் மேலே கேட்டது.

"ஒடஞ்சிடுச்சு" என்றாள் மணிமொழி.

"வாயக் கழுவுடி!" என்று பதறினாள் அம்மா ராணியம்மாள்.

"ஒடயறதப் பாக்கறதுதாம்மா என் வேலையே. மூலக்கூறுல ஒரு எலக்ட்ரான் ஏற்கெனவே போயிருக்கும். மிச்சம் இருக்கறதுதான் ரெண்டு பக்கத்தையும் சேத்துப் புடிச்சிக்கினு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி, அதுலயே ரொம்ப வீரியமானது, பட்டா இன்னொண்ணும் போயிடும். அப்புறம் ரெண்டு துண்டும் ஒண்ண ஒண்ணு தள்ளிக்கினு பறக்கும்."

"ஒடயறதுக்குப் போயி ஒரு படிப்பா?" என்று சிரித்தாள் செந்தமிழ்ச்செல்வி.

"துண்டு எப்படிப் பறக்குதுன்னு பாத்தாத்தான், ஒடயறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரியும். இந்தச் சம்பந்தத்தப் புடிச்சிக்கினு இருந்தது 'போய்ட்டு வா'ன்னு நீங்க ஆட்டின தலைதான் அத்த. அத நீங்களே எடுத்துட்டீங்க. நான் போறேன்."

மூலையில் இருந்த அப்பா ராமசாமி எழுந்து துண்டை உதறினார். "மொறய விட்டா அடுத்தவன் கழனிதான் நனையும். தட்ட எடுத்துக்கினு கெளம்புங்க."

தட்டு போயிற்று, லட்டு மட்டும் எப்படியோ தெருவுக்குள் தங்கிவிட்டது.

மறுநாள் பால் வாங்கப் போன ராணியம்மாளைத் தைலம்மாள் மடக்கினாள். "சம்பந்தம் இன்னா ஆச்சு ராணி?" தெருவே காதை நீட்டியது.

ராணியம்மாள் பால் சொம்பை இடுப்பில் இருத்திக்கொண்டாள்.

"ஒடஞ்சிடுச்சு. எம்பொண்ணுதான் ஒடச்சா. நீ போயி அந்த டியூப்லைட்ட மாத்து."