பதிமூன்றாம் தேதி பஸ்

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே ஜைபாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை இரவு பஸ். ஞாயிறு விடியும்போது சிக்கமகளூரு. அங்கிருந்து ஜீப்பில் முள்ளய்யனகிரி உச்சி, மத்தியானம் ஓர் அருவி, அன்று இரவே திரும்பும் பஸ். மூன்று மாதத் திட்டம். ஒரு தாளில் நேரம் போட்டு எழுதி, அதை ஐந்து முறை திருத்தியிருந்தாள்.

ஏன் அந்த ஊர் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பரீட்சை எழுதப் பெங்களூரு போன ஒருநாள், மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸின் கன்னடப் பலகையை எழுத்துக் கூட்டிச் சிக்கமகளூரு என்று படித்தாள். கண்ணாடியெல்லாம் சேறு. எங்கோ மழையில் நனைந்துவிட்டு வந்த பஸ். அவ்வளவுதான். வேதியியல் படித்துவிட்டு, மூன்று வருடமாக ஜன்னல் இல்லாத லேபில் நிக்கல் முலாம் டேங்கின் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருப்பவளுக்கு அது போதுமாக இருந்தது.

அத்தா சாந்த் பாஷா லேசில் சம்மதிக்கவில்லை. கெலமங்கலம் பக்கம் தக்காளி வாங்கி ஓசூரில் விற்பவர். எதையும் நாலு முறை புரட்டிப் பார்க்காமல் கூடையில் போட மாட்டார். அதே கம்பெனியில் பேக்கிங்கில் வேலை செய்யும் ஸ்வாதியும் அவள் அம்மா ஜெயமணியும் கூட வருகிறார்கள் என்றதும் கொஞ்சம் இறங்கினார். முழுசாக இறங்கியது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான்.

"இவ போட்ட கணக்கு தப்பாது" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஆனா ராத்திரி தங்கறது கெடையாது" என்றார்.

சாயங்காலம் ஆறு மணி. பி ஷிப்டின் டீ நேரம். கேண்டீனில் ஸ்வாதி வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது ஜைபாவின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. உங்கள் பஸ் இன்று இரவு 12.30க்குப் புறப்படும். பஸ் எண். டிரைவர் எண்.

அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு டிக்கெட்டைத் திறந்து பார்த்தாள். பதிமூன்றாம் தேதி, 00.30.

கம்பெனியில் ஒரு நாள் என்பது காலை ஆறு மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் முடியும். நடுராத்திரி தாண்டி எடுக்கிற சாம்பிளுக்கும் முந்தின நாள் தேதியைத்தான் எழுத வேண்டும். மூன்று வருடமாக எழுதிக் கை பழகிவிட்டது. சனிக்கிழமை பதிமூன்று, அன்று ராத்திரி பன்னிரண்டரை என்றதும் கை தானாகப் பதிமூன்று என்று போட்டுவிட்டது. பஸ்காரர்களுக்கோ பன்னிரண்டு அடித்தாலே மறுநாள். அவர்கள் கணக்கில் அந்த பஸ் இன்று இரவு போகிறது. அவசரமாக நாளை இரவு பஸ்களைத் தேடிப் பார்த்தாள்.

"ஏண்டி மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?" என்றாள் ஸ்வாதி.

ஜைபா போனை அவளிடம் நீட்டினாள். ஸ்வாதிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் வாயில் வடையோடு சிரித்தாள்.

"அடிப்பாவி! எங்க லைன்ல ஒரு டப்பா எண்ணிக்க கொறஞ்சா எப்படிப் பாப்ப நீ!"

"சிரிக்காதடி. நாளைக்கு ராத்திரி ஒரு பஸ்லயும் சீட் இல்ல. பாத்துட்டேன்."

"அப்ப இன்னிக்கே போலாம். நாளைக்கு நான் லீவு சொல்லிக்கறேன். என்னையத் தேட யாரு இருக்கா? உன் வேலைக்கு அஸ்வின கேளு. உங்கத்தாகிட்ட ஷிப்ட மாத்திட்டாங்கன்னு சொல்லிடு. கம்பெனி மேல பழியப் போட்டா யாரு வந்து கேக்கப் போறா?"

ஏ ஷிப்டில் லேபைப் பார்ப்பவன் அஸ்வின். அவனுக்காக அவள் எத்தனையோ முறை இரட்டை ஷிப்ட் பார்த்திருக்கிறாள். ஒருமுறைகூடத் திருப்பிக் கேட்டதில்லை. அவனுக்குப் போன் போட்டாள்.

"ஜைபா மேடமா? டேங்க் ஒடஞ்சிடுச்சா?"

"இல்ல. நாளைக்கு என் ஷிப்டையும் பாத்துக்க முடியுமா?"



"நீங்க லீவா? நெசமாவா? பாத்துக்கறேன். மேனேஜர் ராமப்பன் சார்கிட்ட நானே சொல்லிக்கறேன். அவரு நம்ப மாட்டாரு, அதான் கஷ்டம்."

இனி அத்தா. கேண்டீன் படியில் இறங்கினாள், மறுபடி ஏறினாள். ஷிப்டை மாற்றிவிட்டார்கள் என்று ஒரே வாக்கியம். சுலபம். அவர் கேள்வி கேட்காமல் நம்புவார். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"அத்தா, பஸ் இன்னிக்கு ராத்திரி."

"நாளைக்குன்னுதான எழுதியிருந்த?"

"நான் தேதிய தப்பா போட்டுட்டேன்."

"நீயா?"

"நாந்தான்."

பின்னால் யாரோ கூடை இறக்கும் சத்தம் கேட்டது. அத்தா யாரையோ அதட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"பஸ்ஸையே தப்பா போட்டிருக்க. அந்த ஊர்ல போயி இன்னும் எத்தன தப்பு இருக்கோ."

சரித்தா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவதுதான் அவள் வழக்கம். சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"இருக்கலாம். எனக்குத் தெரியல. ஆனா நான் போகணும்த்தா."

"கேக்கறியா, சொல்றியா?"

"கேக்கறேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "சொல்லவும் செய்யறேன்" என்றாள்.

அத்தா போனை வைத்துவிட்டார்.

லேபுக்கு வந்தாள். எட்டு மணி சாம்பிளில் சோதனைக் கரைசல் ஒரு சொட்டு கூடிப்போய் நிறம் சிவந்துவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி செய்தாள். மறுபடியும் கூடியது. மூன்றாவது முறை சரியாக வந்தது. ஸ்வாதி கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்று, என்ன என்று கையால் கேட்டாள். ஜைபா உதட்டைப் பிதுக்கினாள்.

ஒன்பது மணிக்கு ஜெயமணி கூப்பிட்டாள்.

"ஏ பாப்பா, பாய் எங்க வாசல்ல வந்து நிக்கிறாரு. உன் பையோட. உக்காருங்கன்னா உக்கார மாட்டேங்கிறாரு. டிக்கெட்ட என் போனுக்கு அனுப்பணுமாம். அவரே படிச்சுப் பாக்கணுமாம்."

அனுப்பினாள். ஜெயமணி போனை வைக்கவில்லை. அத்தா உரக்கப் படிப்பது கேட்டது. பஸ் எண். மூன்று சீட். தேதி. தேதியை மட்டும் இரண்டு முறை.

"பாப்பா, திரும்பற பஸ்ஸு ஞாயித்துக்கெழம ராத்திரின்னு இருக்காமே?"

திரும்பும் டிக்கெட்டை அவள் மறந்தே போயிருந்தாள். நாளைக் காலை போய் இறங்கினால், நடுவில் ஓர் இரவு.

"மாத்திடறேன்னு சொல்லுங்க ஆன்ட்டி. இப்பவே மாத்திடறேன்."

ஜெயமணி திரும்பிச் சொல்வதும், அத்தா ஏதோ சொல்வதும் கேட்டது.

"ரெண்டாவது தப்புங்கிறாரு."

"ஆமா."

"இப்ப அவசரத்துல மாத்தப் போயி மூணாவதா ஒண்ணு பண்ணாதங்கிறாரு. அப்படியே இருக்கட்டுமாம். தங்கறதுக்கு நல்ல எடமாப் பாத்து, அதோட போன் நம்பர எழுதிக் குடுத்துட்டுப் போவியாம்."

ஜைபா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஷிப்ட் முடிய ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் அறை பார்க்க வேண்டும். பழைய தாளில் ஞாயிறுக்குப் போட்டதெல்லாம் இனிச் சனிக்கிழமைக்கு. மேசையில் கிடந்த ஒரு காகிதத்தை இழுத்து ஞாயிறு என்று எழுதினாள். அதற்குக் கீழே எழுத அவளிடம் ஒன்றும் இல்லை.