விரியும் சன்னம்

வேலையால் வந்ததும், தேத்தண்ணி கேட்பதற்கு முன்பே, என் கணவர் ஜெசிந்தன் இரும்பு அலுமாரியைத் திறந்து இரண்டு வேட்டைத் துவக்கு ரவைப் பெட்டிகளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிடுவார். ஒரு வாரமாக இதே கூத்து. ஒரு ரவையைக் கையில் தூக்கிப் பாரம் பார்ப்பார், மற்றதைத் தூக்கிப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், திரும்பக் கொண்டுபோய்ப் பூட்டுவார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட மனிதர் இவ்வளவு யோசிக்கவில்லை.

நான் கேலி செய்தாலும் அவருடைய வேதனை எனக்குத் தெரியும். போன வருடம் டென்மார்க்கில், நாங்கள் இருக்கும் ஹொல்ஸ்டெப்ரோ நகருக்கு வெளியே உள்ள காட்டில் அவர் சுட்ட மான் விழவில்லை. சன்னம் உடம்பில் பாய்ந்தபடியே ஓடிவிட்டது. மோப்ப நாயை வைத்துத் தேடி அடுத்த நாள்தான் கண்டுபிடித்தார்கள். அப்போதும் அதற்கு உயிர் இருந்தது. அதற்குப் பிறகு அவர் துவக்கைத் தொடவே இல்லை. இப்போது வேட்டைக் குழுவின் தலைவர் ஹென்ரிக், சுவீடனுக்கு எல்க் வேட்டைக்கு வரும்படி கூப்பிட்டிருக்கிறார். எல்க் என்றால் நம் வன்னிக் காட்டு மரைமானைக் குதிரையை விட உயரமாக வளர்த்துவிட்டது போன்ற மிருகம்.

"இன்னொருக்கா அப்பிடி நடந்தா துவக்கைக் குடுத்திட்டு வந்திடுவன், சுஜா. அந்த மான்ர கண் இன்னும் எனக்கு முன்னாலை நிக்குது," என்றார்.

துவக்கு அவருடைய தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற ஒரு கிழவரிடம் வாங்கியது. பெரிய குழல், என் சின்னவிரல் உள்ளே போகும். கூடவே பெயர் எழுதாத ஒரு பெட்டியில் ரவைகளையும் கிழவர் கொடுத்திருந்தார். அவற்றின் நுனியில் இருக்கும், சுட்டால் பாயும் சன்னம் மொட்டைத் தலையோடு நல்ல பாரமாக இருந்தது. மற்றப் பெட்டி கடையில் வாங்கியது. அந்தச் சன்னம் பாரம் குறைவு, நுனியில் ஒரு குட்டி ஓட்டை. ஈயச் சன்னத்தை டென்மார்க்கில் தடைசெய்துவிட்டார்கள். இது முழுக்கச் செம்பு.

"போன முறை மொட்டைத் தலையாலை சுட்டுத்தான் அது விழேல்லை. பாரமானதுக்கே விழாதது, பாரம் குறைஞ்சதுக்கு விழுமோ?"

"உந்த ஓட்டை என்னத்துக்கு?"

"விரியிறதுக்காம்."

"செம்பு என்னெண்டு விரியும்?"

"கடைக்காரன் சொன்னவன். நான் கண்டனோ?"

ஒரு விஷயம் விளங்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதுவும் சன்ன விஷயம். பன்னிரண்டு வயதில், இடம்பெயர்ந்து ஓடும்போது ஒரு சன்னம் என் இடது தொடையைத் துளைத்துக்கொண்டு போனது. இன்றைக்கும் வெடிச் சத்தம் கேட்டால் அந்தத் தொடை தானாக இறுகும். அதனால் அவருடைய சூட்டு மைதானத்தின் பக்கமே நான் போனதில்லை. ஆனால் பயத்தை விட, எதையும் அறிய அலையும் விடுப்புக் குணம் எனக்குப் பெரிது.

"தண்ணியிலை சுட்டுப் பாப்பம். உடம்பும் முக்கால்வாசி தண்ணிதானே," என்றேன்.

எங்கள் கராஜில் காலி பிளாஸ்டிக் எண்ணெய்க் கான்கள் குவிந்து கிடந்தன. புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கும் கோயிலில் நான் தொண்டு செய்கிறேன். நல்ல கானை எறிய எனக்கு மனம் வராது.

"கோயில் கானுக்கோ சுடச் சொல்லுறீர்? சனீஸ்வரன் உம்மை விட்டிட்டு என்னைத்தான் பிடிப்பார்!"

"எண்ணெய் அவருக்குப் போயிட்டுது. கான் எங்கடை. காரிலை ஏத்துங்கோ."

சூட்டு மைதானத்தில் மண் மேட்டுக்கு முன்னால், தண்ணீர் நிரப்பிய கான்களை வரிசையாக ஒட்டி அடுக்கினோம். உதவிக்கு வந்த ஹென்ரிக் அவற்றில் இருந்த தமிழ் எழுத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். நான் காதடைப்பை மாட்டிக்கொண்டு, உட்கார்ந்திருந்த மர வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் மொட்டைத் தலை. வெடித்தபோது என் கால் இறுகியது. கண்ணைத் திறந்தேன். கான்கள் குலுங்கி, ஓட்டைகளால் தண்ணீர் சீறியது.

"பாத்தீரோ! எல்லாத்தையும் துளைச்சுக்கொண்டு மண்ணுக்கை போயிட்டுது!" என்று ஜெசிந்தன் பெருமைப்பட்டார்.

புதிதாக இன்னொரு வரிசை அடுக்கினோம். அடுத்தது ஓட்டைச் சன்னம். முன்னால் இருந்த கான்கள் கிழிந்து பறந்தன. தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. பின்னால் இருந்த கான்கள் அசையாமல் நின்றன. நடுவில் கிடந்த ஒரு கானைக் கவிழ்த்தேன். டொக்கென்று விழுந்தது சன்னம். வாழைப்பூ மடல் மாதிரி நாலு பக்கமும் செம்பு விரிந்து மடிந்திருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செம்பு உண்மையாகவே விரிந்திருந்தது.

ஹென்ரிக் மொட்டைத் தலை ரவை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகம் மாறியது. இது எங்கே கிடைத்தது என்று டெனிஷில் கேட்டார். ஜெசிந்தன் கிழவரைச் சொன்னதும், அவர் ஆபிரிக்காவுக்குப் போய் வேட்டையாடியவர், இது யானையின் எலும்பைத் துளைக்கச் செய்தது, விரியவே விரியாது, இதனால் மானைச் சுடுவது சட்டப்படி பிழை என்றார் ஹென்ரிக்.

ஜெசிந்தன் துவக்கைக் கீழே வைத்துவிட்டு வாங்கில் போய் இருந்துவிட்டார்.

நான் மொட்டைத் தலை துளைத்த வரிசையின் கடைசிக் கானை எடுத்தேன். முன்னால் ஒரு சின்ன ஓட்டை, பின்னால் அதே அளவில் ஒரு ஓட்டை. என் தொடையிலும் இப்படியேதான் இரண்டு அடையாளங்கள்.

"யுத்தத்தில் எதைப் பாவிப்பார்கள்?" என்று ஹென்ரிக்கிடம் கேட்டேன்.

"விரியாததை. யுத்தத்தில் விரியும் சன்னத்துக்குத் தடை. இங்கே மான், எல்க் வேட்டையில் விரியாததற்குத் தடை."

"ஏன்?"

"மிருகம் வேதனைப்படாமல் உடனே சாக வேண்டும் அல்லவா?"

"மனிதர்?"

அவர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். என் தொடையில் பட்டது விரிந்திருந்தால் நான் நாங்கள் ஓடிய ஒழுங்கையிலேயே விழுந்து முடிந்திருப்பேன். விரியாததால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இரத்தம் வடிய வடிய ஓடினேன். பிழைத்தேன்.

ஜெசிந்தனுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"உங்கடை கை பிழையில்லை. அந்த மானும் என்னைப் போலத்தான் ஓடியிருக்கு," என்றேன். "அதுக்கு ஆஸ்பத்திரி இருக்கேல்லை. அவ்வளவுதான்."

அவர் என் முழங்காலில் கையை வைத்தார். பிறகு எழுந்து மொட்டைத் தலைப் பெட்டியை ஹென்ரிக்கிடம் கொடுத்தார். அந்த வாரம் முழுவதும் மைதானத்துக்குப் போய், ஓட்டைச் சன்னத்தாலேயே சுட்டுப் பழகினார்.

எல்க் வேட்டை கடைசிப் புரட்டாதிச் சனியன்று வந்தது. நான் கோயிலில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"சுஜா, நிண்ட இடத்திலையே விழுந்திட்டுது. ஓடேல்லை." என்றார் ஜெசிந்தன். "ஒரு அடிகூட ஓடேல்லை."

"நல்லது," என்றேன். உண்மையாகவே எனக்கு ஆறுதலாக இருந்தது.

அது ஓடவில்லை. நான் ஓடினேன். இரண்டுக்குமாகச் சேர்த்து இன்னொரு மண் சிட்டி விளக்கில் எண்ணெய் விட்டேன்.